காதில் சத்தம் கேட்டதா?

காவலி ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. இன்பென்டாவுக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

அரிசி அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஊசியால் செருகிவிடுவார்கள். இதயத் துடிப்பை விடாமல் கவனித்துக்கொண்டிருக்கும். துடிப்பு தடம் மாறி ஆள் மயங்கி விழப்போகிறார் என்று அதற்குத் தோன்றினால் எலும்பு அதிரக் கூவும். பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவந்து தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இதயக் காப்புச் சட்டம் வந்த பிறகு பஸ் ஓட்டுகிறவர், கிரேன் இயக்குகிறவர், உயரத்தில் நின்று வேலை பார்க்கிறவர் எல்லோருக்கும் அது கட்டாயம். மூன்று தடவை கூவி மூன்று தடவை விழுந்தால் வேலை போய்விடும், காவலி மட்டும் உடம்பிலேயே இருக்கும். அதோடு விட்டால் பரவாயில்லை. நோய் வழிவழியாக வருமாம். அதனால் விழுந்தவர் பெற்ற பிள்ளைக்கும் பன்னிரண்டு வயது முடிவதற்குள் காவலி வைத்தாக வேண்டும். வைக்காத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது.

இன்பென்டா தூத்துக்குடியில் தனியார் சரக்கு முனையம் ஒன்றில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டியவள். வயது முப்பத்தாறு. நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிக்கு நோகாமல் இறக்கத் தெரிந்தவள். மூன்றாவது தடவை அவள் விழுந்தது சாப்பாட்டு அறையில். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது காவலி கூவியது. முகம் குழம்பில் போய் விழுந்தது. அன்று மாலையே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனிமேல் வீட்டில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாமே என்று மேற்பார்வையாளர் செல்வின் சிரித்தான். இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் தலையில் ஒரு பெட்டியை இறக்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாய்ப்புகள் எத்தனையோ இருந்தன.

வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் ஜெனோவாவுக்குப் பதினொன்று முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளைக்குக் காவலி வைக்கச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படிவத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு நேரே இதய நிலையத்துக்குப் போனாள்.

அங்கே பெரியவர் டாக்டர் வயிரவன். காரைக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். காவலியைச் சட்டமாக்குவதற்கு முன் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்துச் சோதித்தார்கள் அல்லவா, அந்தக் குழுவில் இருந்தவர். அதற்குக் கொடுத்த கேடயத்தை மேசைமேல் நோயாளியின் கண்ணில் படும்படி வைத்திருந்தார். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதிலை எழுதி முடித்துவிடுவது அவருடைய வழக்கம்.

இன்பென்டா உட்காரவில்லை. விழுந்த மூன்று தடவையும் இங்கே வந்து சொன்னதை நான்காம் தடவையாகச் சொன்னாள்.

“நான் விழப்போறேன்னு அது கூவல டாக்டர். அது கூவுதுன்னுதான் நான் விழுதேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை போனவர்களுக்கெல்லாம் காவலிமேல்தான் ஆத்திரம் வரும் என்றும், ஒரு லாரி டிரைவர் கத்தியை வைத்துத் தானே அதைத் தோண்டி எடுத்துச் சீழ் பிடித்து வந்தான் என்றும் சொன்னார். அப்படி ஏதாவது செய்து வைத்தால் போலீஸ் கேஸாகிவிடும் என்றார். பிறகு ஏதோ சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“விழுறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சுதா, இல்லையா?”

“அடிச்சுது. எனக்குச் சின்ன வயசுல இருந்தே அடிக்கும். கொஞ்ச நேரம் துள்ளும், பெறகு அடங்கிரும். காவலி வைக்கதுக்கு முந்தி கூண்டுல ஒரு நாளாவது மயங்கியிருக்கேனான்னு முனையத்துல கேட்டுப் பாருங்க.”

“மயங்காம இருந்தது உங்க அதிர்ஷ்டம். சத்தத்துக்கெல்லாம் யாரும் விழமாட்டாங்கம்மா. நாள் முழுக்க சைரன் சத்தத்துல வேலை பார்த்தவங்கதானே நீங்க?”

“அந்த சைரன அமுக்குதது என் கையி. எப்ப ஊதும்னு எனக்குத் தெரியும். இது நெனையாத நேரத்துல கூவுது.”

வெளியே இன்னும் பதினேழு பேர் காத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். இன்பென்டா சரியென்று சொல்லிவிட்டுக் கதவுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துகொண்டாள். கிரேன் ஓட்டியவளை அசைக்க இரண்டு வார்டு பாய்களால் முடியவில்லை. நர்ஸ் வந்து கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் இன்பென்டாதான் ஒரு வழி சொன்னாள். காவலி கூவுகிற அதே சத்தத்தை வெளியே ஸ்பீக்கரில் போட வேண்டும். அவள் கட்டிலில் படுத்திருப்பாள். எப்போது போடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லக் கூடாது.

“ஒண்ணும் ஆகலன்னா இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுத் தாறேன். பெறகு இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

டாக்டர் ஒத்துக்கொண்டார். உண்மையைத் தெரிந்துகொள்ளும் ஆசையெல்லாம் இல்லை. சனியன் விட்டால் போதும் என்றுதான் ஒத்துக்கொண்டார். நர்ஸ் மட்டும் யாரும் கேட்காமலே நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தை உருட்டிவந்து கட்டிலோரம் நிறுத்தினாள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். மணி பன்னிரண்டரை. இன்பென்டா கண்ணை மூடிக்கொண்டு டாக்டரை மனதாரத் திட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. ஏசி இதமாக இருந்தது. கோபத்தில் இரண்டு நாளாகத் தூங்காத உடம்பு தளர்ந்தது. ஜெனோவாவின் சீருடையைக் காயப்போட்டோமா என்று யோசித்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு அந்தச் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது நெஞ்சு தீய்ந்த மாதிரி எரிந்தது. வாயெல்லாம் இரும்பு ருசி. நர்ஸ் அவள்மேல் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. நாற்பது நொடி அவளுக்கு நாடியே இல்லையென்று பிறகு நர்ஸ் சொன்னாள்.

“கையெழுத்துப் போடணுமா?” என்று இன்பென்டா கேட்டாள். குரல் எழும்பவில்லை. ஆனாலும் கேட்டாள்.

டாக்டர் கம்பிகள் வரைந்த கோட்டைத் திரையில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் கழித்து நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நர்ஸ் பார்த்ததில்லை.

“சத்தம்தான் முதல்ல வந்திருக்கு. ரெண்டு நொடி கழிச்சுத்தான் துடிப்பு கெட்டிருக்கு,” என்றார். “உங்க இதயம் ஒரு தடவை அடிச்சதுக்கப்புறம் அடுத்த துடிப்புக்குத் தயாராக மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்துக்குது. அந்த இடைவெளியில திடீர்னு ஒரு சத்தம் கேட்டா தடுமாறிடும். பிறவியிலேயே வர்றது. இதுக்கு முன்னாடி எப்பவாவது, காவலி இல்லாம, சத்தத்துக்கு விழுந்திருக்கீங்களா?”

இன்பென்டாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள், பள்ளிக்கூடத்து மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்கு அடியில் நின்றிருந்தாள். பியூன் வந்து ஓங்கி அடித்ததும் விழுந்துவிட்டாள். பசி மயக்கம் என்று டீச்சர் பன் வாங்கிக் கொடுத்தார்.

“இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

டாக்டர் அவளுடைய பழைய பதிவுகளைத் திறந்தார். காவலி வைத்த நாளிலிருந்து அவளுக்கு நானூறு தடவைக்கு மேல் படபடப்பு வந்திருக்கிறது. எல்லாம் தானாக வந்து தானாக அடங்கியவை. மூன்று தடவை மட்டும் காவலி கூவியிருக்கிறது. அந்த மூன்று தடவை மட்டும் அவள் விழுந்திருக்கிறாள். எவ்வளவு துல்லியம் பாருங்கள் என்று இந்தக் கணக்கைத்தான் கூட்டங்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு படிவத்தைத் திரையில் கொண்டுவந்தார். விழுந்து எழுந்தவர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டிய படிவம். அதில் ஒன்பதாவது கேள்வி: மயக்கத்துக்கு முன் காதில் சத்தம் கேட்டதா? மூன்று படிவத்திலும் இன்பென்டா ‘ஆம்’ என்று குறித்திருந்தாள்.

“இது நான் எழுதின கேள்வி. மயக்கம் வரப்போறவங்களுக்குக் காதுக்குள்ள ஙொய்னு ஒரு இரைச்சல் வரும். வெளியில சத்தமே இருக்காது, அவங்களுக்கு மட்டும் கேக்கும். அதைத்தான் கேட்டேன். ஆம்னு போட்டவங்களையெல்லாம், மயக்கத்தோட அறிகுறி தெளிவா இருக்குன்னு எழுதிக்கிட்டோம்.”

“காதுல கேக்காம மூக்குலயா கேக்கும்?” என்றாள் இன்பென்டா. “கூவினத கேட்டேன். கேட்டுச்சுன்னு போட்டேன்.”

அப்படிப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று அவள் விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு என்றார் டாக்டர். அவர்களில் பத்தொன்பது பேர் அடுத்த தடவை விழுந்தபோது எழுந்திருக்கவில்லை. காவலி முன்கூட்டியே எச்சரித்தும் காப்பாற்ற முடியவில்லை என்று அந்தப் பத்தொன்பது பேரின் வீட்டுக்கும் இரங்கல் கடிதம் போயிருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்பென்டாவுக்கு இரக்கம் வரவில்லை. அழுவதென்றால் வீட்டுக்குப் போய் அழட்டும், எனக்கு மருந்து என்ன, என் பிள்ளைக்கு என்ன வழி என்றாள்.

மருந்து, கேட்டால் சிரிப்புத்தான் வரும். தினம் ஒரு மாத்திரை. வீட்டில் காலிங் பெல்லைக் கழற்றிவிட வேண்டும், அலாரம் வைக்கக் கூடாது, போனை அதிரும்படி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இதற்காகத்தான் அவள் வேலையைப் பிடுங்கினார்கள். மறுநாள் ஜெனோவாவைக் கூட்டிவந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கும் அதே கோளாறு. அவளுக்கும் அன்றே மாத்திரை தொடங்கியது. இனி காவலியைச் சத்தமில்லாமல் செய்துவிட்டால் போதும். ஆனால் அதன் சத்தத்தை நிறுத்தும் அதிகாரம் எந்த டாக்டருக்கும் இல்லை.

அன்றே டாக்டர் காவலித் திட்டத்தின் தலைமையகத்துக்கு விரிவாக எழுதினார். கோடுகளையெல்லாம் இணைத்தார். கேள்வியைத் தவறாகக் கேட்டது நான்தான் என்றும் எழுதினார். பதினோராம் நாள் பதில் வந்தது. அதை எழுதியது மனிதரா இயந்திரமா என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சம்பவ நாளில் நோயாளியின் காவலி, மயக்கம் நேர்ந்து ஆறு நொடி கழித்துத்தான் கூவியதாகப் பதிவு காட்டுகிறது. இது வருந்தத்தக்க தாமதம். எனவே அடுத்த மாதம் முதல் எல்லாக் காவலிகளும் இன்னும் சிறிய மாற்றத்துக்கே கூவும்படியும், இன்னும் உரக்கக் கூவும்படியும் திருத்தப்படும். சுட்டிக்காட்டிய டாக்டருக்கு நன்றி.

டாக்டர் அதைப் படித்துக் காட்டியபோது இன்பென்டா கேடயத்தை எடுத்துத் தரையில் அடித்தாள். அவர் தடுக்கவில்லை.

“ஒரு வழி இருக்கு. ஆனா நீங்க ஒத்துக்கமாட்டீங்க,” என்றார்.

காது கேட்காதவர்களுக்கென்று ஒரு காவலி உண்டு. அது கூவாது, தோலுக்கடியில் அதிரும், அவ்வளவுதான். அந்த அதிர்வு இந்த நோயாளிகளை ஒன்றும் செய்யாது. ஜெனோவாவுக்கு இரண்டு காதும் கேட்காது என்று அவர் சான்றிதழ் கொடுப்பார். செவிச் சோதனை இயந்திரம் காட்டும் முடிவையும் அவரே மாற்றி எழுதுவார். இன்பென்டாவின் காவலியை மட்டும் அப்படி மாற்ற முடியாது. முனையம் வருஷாவருஷம் அவள் செவியைச் சோதித்து எழுதி வைத்திருக்கிறது. அவள் மாத்திரையையும் கடவுளையும் நம்பியிருக்க வேண்டியதுதான்.

“எம் பிள்ள கோயில் பாடற்குழுவுல மொத வரிசையில நிக்கவ. அவளப் போய்ச் செவிடின்னு எழுதுவீங்களா?”

“உசிரோட இருப்பா.”

“மிச்சம் நூத்தித் தொண்ணூத்தி மூணு பேரு இருக்காங்க, அவங்க பிள்ளைங்களும் இருக்கு. அம்புட்டுப் பேரையும் செவிடாக்கிருவீங்களா?”

தலைமையகத்துக்குத் திரும்பவும் எழுதுவேன், எழுதிக்கொண்டே இருப்பேன் என்றார். எழுதுங்கள், அதுதான் உங்களுக்கு நன்றாக வருமே என்று சொல்லிவிட்டு இன்பென்டா வெளியே வந்தாள். வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய், சான்றிதழில் தேதி போட்டுவிடச் சொன்னாள்.

ஒரே ஒரு சிக்கல். இயந்திரத்தை ஏமாற்றுகிறவர்கள் பெருகிப்போனதால், ஓர் அதிகாரி நேரில் வந்து பிள்ளையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி. அதற்கு ஒன்பது நாள் இருந்தது. காய்ச்சலில் பிள்ளைக்குக் காது போய்விட்டது என்று இன்பென்டா பாடற்குழு ஆசிரியரிடமும் அக்கம்பக்கத்திலும் சொன்னாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மகளைப் பழக்கினாள். சமையலறையிலிருந்து கூப்பிடுவாள், ஜெனோவா திரும்பக் கூடாது. முதல் நாள் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பினாள். மூன்றாம் நாள் பாதிதான் திரும்பினாள். ஐந்தாம் நாள் திரும்பவே இல்லை. திடீர்ச் சத்தத்துக்கு அசையாமல் இருக்க மட்டும் பழக்க வழியில்லை. அதைப் பழக்கப் போனால் பிள்ளை செத்துப்போகும்.

பிள்ளையைப் பார்க்க இதய நிலையத்துக்கு வந்த அதிகாரியின் பெயர் தணிகைவேல். சென்னைக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். இதுவரை முப்பத்தொரு போலிச் செவிடர்களைப் பிடித்திருப்பதாக டீ குடித்தபடியே சொன்னார். ஜெனோவாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பென்சிலும் தாளும் கொடுத்துப் படம் வரையச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் படகு வரையத் தொடங்கினாள். அதிகாரி, டாக்டர், இன்பென்டா மூவரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாப்பா, முதுகில் பல்லி என்றார். ஜெனோவா படகுக்குப் பாய்மரம் வரைந்துகொண்டிருந்தாள். அவர் புன்னகையோடு டீ வந்த எவர்சில்வர் தட்டை எடுத்தார், மேசையில் அடிக்கக் கையை ஓங்கினார். அதற்குள் டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இது இதய நோயாளிங்க இருக்கற இடம் சார். இங்க சத்தம் எழுப்பக் கூடாதுன்னு உங்க ஆபீஸ் சுற்றறிக்கையே இருக்கு.”

அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். பிறகு இன்பென்டாவின் பக்கம் திரும்பினார்.

“சரி, நீங்களே கூப்பிடுங்கம்மா. சும்மா பேர் சொல்லி இல்ல. எதைச் சொன்னா உங்க பொண்ணு எழுந்து ஓடிவருமோ, அதைச் சொல்லுங்க. நான் உங்க முகத்தையும் பார்த்துட்டுத்தான் இருப்பேன்.”

இதை அவர்கள் பழகியிருக்கவில்லை. ஜெனோவாவின் அப்பா கப்பலில் சமையல்காரர், கடலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் எழுந்ததும் அப்பா எப்போது வருவார் என்றுதான் பிள்ளை கேட்கும். வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று இன்பென்டா நினைத்தாள். அதிகாரியின் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. இந்த ஆளிடம் பொய் செல்லாது என்று அவளுக்குப் புரிந்தது.

“ஜெனோ,” என்றாள். “அப்பா வந்துட்டாவ மக்கா.”

பென்சில் நின்றது. பெற்ற பிள்ளை தன் குரலுக்குத் திரும்பிவிடக் கூடாதே என்று இன்பென்டா மாதாவை வேண்டிக்கொண்டாள். ஜெனோவா பென்சில் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், ஷார்ப்னரை எடுத்துச் சீவினாள், மறுபடி குனிந்து வரையத் தொடங்கினாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாவம், நல்ல களையான பொண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்பென்டா அவர் பக்கமே பார்க்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். முனையத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், பாடற்குழுப் பிள்ளை ஒருத்தியும் நின்றிருந்தாள். ஜெனோவா நேரே ரோட்டைப் பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டாள்.

“எம்மா, அப்பா நெசமாவே வந்திருக்காவளா?”

இன்பென்டாவால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இல்லை என்று கையசைத்துக் காட்டினாள்.